வெள்ளையடித்தவன் சொன்ன பெயர்கள்

இந்த வருடம் மழை நேரத்துக்குப் பெய்துவிட்டது. பருத்தி விதைத்தவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஏதென்ஸிலிருந்து வந்த ரயிலில் உங்களுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தால் பார்த்திருப்பீர்கள், சமவெளி முழுக்க மண் ஈரத்தில் கறுத்துக் கிடக்கும். எனக்கு மிகவும் பிடித்த நிறம் அது. காபியைக் குடியுங்கள் அம்மா, ஆறிவிடும். சர்க்கரை குறைவாகத்தான் போடச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்க வந்தது வாயோஸ் சியாமித்தாஸ் என்ற வர்ணம் பூசுகிறவனைப் பற்றி. பதினான்கு வருடம் ஐந்து மாதம் தீவில் இருந்த மனநோய் விடுதியில் அவன் கிடந்தது எப்படி, அவனை அனுப்பியது யார் என்று உங்கள் விசாரணைக் குழு கேட்கிறது. நீங்கள் சிரமப்பட வேண்டியதில்லை. அனுப்பியவன் நான்தான். என் பெயர் ஸ்தெர்யோஸ் கல்ஃபாஸ், பெத்ரோவ்ரிசி ஊரின் மேயர். எழுதிக்கொள்ளுங்கள். வேகமாகச் சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஒவ்வொரு படியாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

1967இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டாவது மாதம் என் வேலை போனது. நாட்டுக்கு எதிரான எண்ணங்களைப் பிள்ளைகள் மனதில் விதைக்கிறேன் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். ஏழு வருடம் மண்ணெண்ணெய் அடுப்பும் விளக்குத் திரியும் விற்றேன். என்னிடம் படித்த பையன்கள் சீருடை போட்டுக்கொண்டு எதிரே வந்தால், பாவம், தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. 74 ஜூலையில், ஆட்சியைப் பிடித்திருந்த கர்னல்கள் போனார்கள். அடுத்த மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஊர் என்னை மேயராக்கித் தோளில் தூக்கிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி வந்தது. அன்று நான் அழுதேன். பொய்யில்லை.

நீங்கள் அப்போது சின்னப் பெண்ணாக இருந்திருப்பீர்கள். அந்த நாட்களின் நிலைமையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். மறுபடி ஆட்சியைப் பிடிக்கத் திட்டம் போட்ட அதிகாரிகள் அந்தப் பிப்ரவரியில்தான் அகப்பட்டிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் டாங்கிப் படை முகாம். காலையில் அவை எஞ்சினைச் சூடாக்கும் சத்தம் பள்ளிக்கூடம் வரை கேட்கும். பயிற்சிதான். ஆனால் 67இலும் ஒரு காலையில் அது பயிற்சி என்றுதான் நாங்கள் நினைத்தோம். இன்னொன்று, இது நாற்பதுகளின் உள்நாட்டுப் போரில் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட ஊர். ஒரு சின்னத் தீப்பொறி போதும், முகாமில் இருப்பவர்கள் ஒழுங்கை நிலைநாட்ட வருகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். ஜனநாயகம் எங்கள் கையில் அப்போதுதான் பிறந்த குழந்தை. அதைத் தூங்கவைப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன்.

மேயரானதும் நான் போட்ட முதல் உத்தரவு, பொதுக் கட்டடங்களில் கர்னல்கள் வரைந்து வைத்த சின்னத்தை அழிப்பது. நெருப்பிலிருந்து எழும் பறவை, அதன் முன்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். காவல் நிலையத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு இருந்தது. வேலையை வாயோஸுக்குக் கொடுத்தேன். அவனுக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று பட்டது. மூன்று வருடம் அவனை ஒரு மொட்டைத் தீவில் அடைத்துவைத்திருந்தார்கள். அவன் அப்பா செத்த சேதி அவனுக்கு நாற்பது நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தது. நான் வேலை கொடுத்தபோது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. பருத்தி ஆலையில் வேலை செய்யும் தங்கை எவாந்தியாவோடு இருந்தான். வாய்த்துடுக்கு அதிகம். வேலை செய்துகொண்டே பாடுவான், குரல் சகிக்காது.

மூன்றாம் நாள் மத்தியானம் சுண்ணாம்பு வாளியோடு நகராட்சி அலுவலகத்துக்கு வந்தான். கதவைச் சாத்தினான். வாளிக்குள் சாக்குத் துணி, துணிக்குள் ஒரு தடித்த பதிவேடு.

"பறவையைச் சுரண்டினேன் வாத்தியாரே. முட்டை கிடைச்சுது."

"என்னப்பா இது?"

"பின்பக்க அறையிலயும் வெள்ளையடிக்கலாம்னு பீரோவை நகத்தினா அதுக்குப் பின்னாடி விழுந்து கிடக்கு. நம்ம ஊரு ஆளுங்க காவல் நிலையத்துக்கு எழுதிப்போட்ட கடுதாசி எல்லாம் வரிசையா பதிஞ்சு வச்சிருக்கான். தேதி, எழுதினவன் பேரு, யார் மேல எழுதினான். ஐம்பத்தெட்டுப் பேரு. நான் ரெண்டு தடவ படிச்சுட்டேன். நீங்க உக்காந்துக்கிட்டுப் படிங்க."

"யாருக்காவது சொன்னியா?"

"என் தங்கச்சிக்குக்கூடச் சொல்லல. உங்ககிட்டதான் கொண்டுவந்தேன். கோர்ட்டுக்கு அனுப்புங்க. ஏதென்ஸுல அடிச்சவனையெல்லாம் கூண்டுல ஏத்தப்போறாங்களாமே. அடிக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தவனும் ஒரு தடவ எழுந்து நின்னு ஆமான்னு சொல்லட்டும். வேற ஒண்ணும் வேணாம்."

அனுப்புகிறேன் என்றேன். அந்த நேரத்தில் உண்மையாகத்தான் சொன்னேன்.

மூன்று நாள் படித்தேன். நாலாயிரம் பேர் உள்ள ஊரில் ஐம்பத்தெட்டுப் பேர். அதில் தலைமை ஆசிரியர் இருந்தார். பருத்திக் கூட்டுறவுச் செயலாளரின் அப்பா இருந்தார். என்னைத் தோளில் தூக்கியவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் என் நகராட்சி மன்றத்தில் உறுப்பினர்கள். வாயோஸைப் பற்றி எழுதியது தேவாலயத்தில் பாடும் திமோலியோன். என்னைப் பற்றி எழுதியது டாக்டர் மிலோனாஸ். என் மகள்கள் இருவரையும் பிரசவம் பார்த்து எடுத்தவர். ஊரில் எனக்கு இருந்த ஒரே சதுரங்கத் துணை.

உங்கள் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். என் பெயர் அதில் இல்லை. இருந்திருந்தால் என்னைப் புரிந்துகொள்வது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை தொடக்கத்தில் என் மனைவி முற்றத்தில் அடுப்பு மூட்டி ஆப்ரிகாட் ஜாம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். விறகை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஜாடிகளைக் கழுவு என்று அவளை உள்ளே அனுப்பினேன். பக்கம் பக்கமாகக் கிழித்துப் போட்டேன். நல்ல கனமான தாள், மெதுவாக எரிந்தது. அட்டை மட்டும் பிசின் நாற்றம் அடித்தது. அந்த வருடம் ஜாம் நன்றாக வந்திருந்தது, வாயோஸ் வீட்டுக்கும் ஒரு ஜாடி அனுப்பினேன்.

இதை நான் அவசரத்தில் செய்யவில்லை. போன வருடம், 89 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாட்டில் உள்ள அத்தனை பேர் மேலும் போலீஸ் வைத்திருந்த ரகசியக் கோப்புகளையும் லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போய் அரசாங்கமே இரும்பு உலையில் போட்டது. மறந்தால்தான் சேர்ந்து வாழ முடியும் என்றார்கள். நான் அதையே பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு ஜாம் அண்டாவின் கீழ் செய்தேன். அவர்களை யாரும் விசாரிக்கவில்லை.

வாயோஸ் வாரம் ஒருமுறை வந்து கேட்பான். சட்டப்படி நடக்கிறது, நேரம் ஆகும் என்பேன். சரி என்று போய்விடுவான். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஏதென்ஸில் சித்திரவதை வழக்கு நடந்தது. காபிக் கடை வானொலியில் எல்லோரும் கேட்டார்கள். தீர்ப்பு வந்த மறுநாள் வந்து, கோர்ட்டு கொடுத்த ரசீதைக் காட்டுங்கள் என்றான். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கி, "எந்தப் புத்தகத்துக்கு, வாயோ?" என்றேன்.

அவன் முதலில் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சிரிக்கவில்லை. அவன் முகம் மெதுவாக மாறியது. கரும்பலகையில் விடையைப் பாதி எழுதிவிட்டு, முதல் வரியிலேயே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளும் பையனின் முகம் அப்படி மாறும்.

"எரிச்சுட்டீங்களா?"

"நீ எதைப் பத்திப் பேசறேன்னு எனக்குப் புரியல."

"சரி வாத்தியாரே," என்றான். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "நல்லவேளை, ரெண்டு தடவ படிச்சேன்."

அந்த ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து ஜனங்கள் சதுக்கத்துக்கு வந்தபோது, அவன் காபிக் கடை நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றான். கோபமாகப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகை எடுப்பது போல மூன்று பெயர் சொன்னான். எந்தத் தேதி, யார் மேல் எழுதினார்கள் என்றும் சொன்னான். பிறகு, "மீதிப் பேரு வர்ற ஞாயித்துக்கிழமை. அதுக்குள்ள யாராவது தானா வந்து சொன்னா, இங்கயே எல்லாருக்கும் காபி நான் வாங்கித் தர்றேன்," என்று இறங்கிவிட்டான். சில பேர் சிரித்தார்கள். யாரும் தானாக வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் மூன்று பெயர். அன்று ஒரு கல்யாண நிச்சயம் முறிந்தது, ஒரு கடையின் கண்ணாடி உடைந்தது. மறுநாள் முகாமிலிருந்து ஒரு மேஜர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். ஊரில் அமைதி நிலவுகிறதா என்று மிகவும் மரியாதையாக விசாரித்தார்.

மூன்றாவது ஞாயிறு திமோலியோனின் பெயர் வந்தது. அவர் அப்போதுதான் பாடிவிட்டு வெளியே வந்து படியில் நின்றிருந்தார். அவருடைய மகனே எல்லோர் முன்னாலும் அவர் முகத்தில் துப்பினான். செவ்வாய்க்கிழமை பருத்திக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துவிட்டார். அறுபத்தொரு வயது.

இதை நீங்கள் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் அம்மா. ஒன்பது பெயர், ஒரு பிணம். இன்னும் நாற்பத்தொன்பது பெயர் மீதி இருந்தது. நான் கணக்கு வாத்தியார்.

அடக்கம் முடிந்த மறுநாள் வாயோஸ் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கண் வீங்கியிருந்தது.

"நான் அவரைச் சாகச் சொல்லல வாத்தியாரே. ஆமா எழுதினேன், பயமா இருந்துச்சுன்னு சொல்லியிருந்தா, நானே கட்டிப் பிடிச்சிருப்பேன். எங்கப்பா கல்யாணத்துல பாடினவரு அவரு."

"தெரியும்பா."

"சதுக்கத்துல சொன்னது தப்பு. இது கோர்ட்டுல சொல்ல வேண்டிய விஷயம். இனிமே சதுக்கத்துல சொல்ல மாட்டேன். ஆனா எங்கயாவது ஒரு இடத்துல சொல்லணும். இல்லன்னா இந்தப் பேருங்க என் தலைக்குள்ளயே கெடந்து அழுகிடும்."

சொன்னபடி அடுத்த ஞாயிறு அவன் சதுக்கத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் நிறுத்திவிட்டான் என்பதை நான் மறைக்கவில்லை, பார்த்தீர்களா. ஆனால் நிறுத்தியவன் மறுபடி தொடங்கலாம். ஒரு மனிதனின் நல்ல மனதை நம்பி ஒரு ஊரை விட்டுவைக்க முடியாது. அரசியல் சாசனங்களையே அதனால்தான் எழுதுகிறார்கள்.

டாக்டர் மிலோனாஸின் மருத்துவ அறைக்குப் போனேன். அவர் பெயரை வாயோஸ் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"பைத்தியம்னு எழுதணும்னா நான் அவனைப் பரிசோதிக்கணுமே, ஸ்தெர்யோ."

"மூணு ஞாயித்துக்கிழமை பாத்தீங்களே, டாக்டர். முன்வரிசையில நின்னு பாத்தீங்க."

"அவன் சொல்றது ஒருவேளை..."

"ஒருவேளை நிஜமான்னு யாரு சரிபாக்கறது? நீங்களா, நானா?"

 அவர் பேனாவைத் தேடினார், அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. 'இல்லாத ஒரு பதிவேடு இருப்பதாக உறுதியாக நம்புகிறார்' என்று எழுதினார். யோசித்தால் அது பிழையில்லாத வாக்கியம். பதிவேடு அப்போது இல்லைதான். இரண்டாவது கையெழுத்தை மாவட்டத் தலைநகரில் இருந்த அவருடைய நண்பர் போட்டார். அவரும் வாயோஸைப் பார்க்கவில்லை.

குடும்பத்தில் ஒருவர் சம்மதம் வேண்டும். எவாந்தியாவை ஆலை வாசலில் போய்ப் பார்த்தேன். தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணன் ராத்திரியில தூங்கறதில்ல, மேயர் ஐயா. வாய்க்குள்ளயே எதையோ சொல்லிக்கிட்டு இருக்கான். கேட்டா, மறந்துடக்கூடாதுன்னு சொல்றான்."

"மூணு மாசம் ஓய்வும்மா. நல்ல டாக்டருங்க. ஊரு மறந்ததும் நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"நிஜமாவா?"

"என் பொண்ணுங்க மேல சத்தியமா."

"அவன் உங்கள எவ்வளவு நம்பறான் தெரியுமா? ஊர்ல ஒருத்தர்தான் நேர்மையான ஆளு, அதான் அவரே மறுக்கறது வலிக்குதுன்னு சொல்லுவான்," என்றாள். பஞ்சுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரிந்தவள், பெயரை எழுதி முடிக்க நேரம் எடுத்துக்கொண்டாள். நான் பொறுமையாகக் காத்திருந்தேன்.

வாயோஸிடம், ஏதென்ஸில் அரசு வழக்கறிஞர் உன் வாக்குமூலத்தை நேரில் கேட்க ஒப்புக்கொண்டார் என்று சொன்னேன். போலீஸை வைத்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவனை ஏற்கெனவே ஒருமுறை அப்படித்தான் கொண்டுபோனார்கள், மறுபடியும் அந்த அவமானம் வேண்டாம் என்று நினைத்தேன். இந்த விஷயத்தில் நான் அவனுக்குக் காட்டிய மரியாதையை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

விடியற்காலையில் முகம் மழித்து, அவனுடைய அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். கோட்டின் கை அவனுக்கு நீளம் போதவில்லை. நகத்தில் மட்டும் வெள்ளை வர்ணம் போகாமல் இருந்தது. எவாந்தியா கீரை அடை பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தாள். நகராட்சிக் காரை நானே ஓட்டினேன். ஐந்து மணி நேரப் பயணம். பாதி வழியில் அவன் கேட்டான்.

"ஒரு தடவ சொல்லிப் பாக்கட்டுமா? அங்க போய்த் தடுமாறக்கூடாது. நீங்களும் படிச்சிருக்கீங்கல்ல, தப்பு இருந்தா திருத்துங்க."

எரித்ததைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் வெட்கப்படுவேன் என்று விட்டுவிட்டான்போல. சொல்லு என்றேன். ஐம்பத்தெட்டுப் பெயரையும் தேதியோடு, யார் மேல் என்பதோடு சொன்னான். நானும் மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு பிழை இல்லை. திமோலியோன் பெயர் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு தொடர்ந்து சொன்னான். வகுப்பில் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அவன் புத்தி தெளிவாக இருந்ததா என்று உங்களிடம் யார் சந்தேகம் கிளப்பினாலும், நான் சாட்சி.

ஏதென்ஸில் அந்த மருத்துவமனைக் கட்டடத்துக்கு இரும்பு வாசல். பார்க்க அரசு அலுவலகம் போலத்தான் இருக்கும். வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் வந்து அவன் பெயரைக் கேட்டார்கள். அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நீங்க மனசு மாறுவீங்கன்னு எனக்குத் தெரியும் வாத்தியாரே. எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியல. நீங்க சாப்பிட்டுட்டு வாங்க," என்று சொல்லி, பொட்டலத்தில் மிச்சம் இருந்த அடையை என்னிடம் கொடுத்தான்.

வழியில் காரை ஓரமாக நிறுத்திச் சாப்பிட்டேன். வீணாக்க மனம் வரவில்லை. ஒரு மாதத்தில் அவனை அங்கிருந்து தீவுக்கு மாற்றிவிட்டார்கள். அது என் முடிவு இல்லை, இடப் பற்றாக்குறை.

அதன்பின் ஊர் அமைதியானது. மேஜர் மறுபடி தொலைபேசியில் பேசவில்லை. டாங்கிகள் முகாமிலேயே இருந்தன. 78இல், 82இல், 86இல் தேர்தல் நடந்தது, ஊர் ஒவ்வொரு முறையும் என்னையே தேர்ந்தெடுத்தது. ஒரு ஓட்டுப் பெட்டியிலும் யாரும் கை வைத்ததில்லை, நீங்கள் எந்தப் பதிவை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நகராட்சி மன்றத்தில் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின. நான் யாரையும் மிரட்டியதில்லை. 78இல் கூட்டுறவுச் செயலாளர் எனக்கு எதிராக நிற்கப்போவதாகச் சொன்னார். நல்ல பையன், அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவன் வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்தேன். உங்கப்பாவுக்கு உடம்பு எப்படி இருக்கு, பழசெல்லாம் நினைவு இருக்கா என்று கேட்டேன், அவ்வளவுதான். மறுநாள் அவனே விலகிக்கொண்டான். அவனுக்கும் ஊர் ஒற்றுமையில் அக்கறை இருந்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எவாந்தியா முதல் வருடம் மாதாமாதம் வந்து கேட்டாள். பிறகு ஈஸ்டருக்கு ஈஸ்டர் கம்பளிக் காலுறையும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுப்பாள். நகராட்சிச் செலவில் தீவுக்கு அனுப்பிவைத்தேன், ஒரு வருடமும் தவறியதில்லை. அவன் அங்கிருந்து எழுதிய கடிதங்கள் நகராட்சி முகவரிக்கு வரும். அவற்றை அவளிடம் கொடுக்கவில்லை. அவள் மனம் கலங்கும். ஆறேழு வருடத்தில் கடிதமும் நின்றது. கடைசிக் கடிதத்தில் இருபத்திரண்டு பெயர்தான் இருந்தது, அதிலும் இரண்டு பெயர் இரண்டு முறை வந்திருந்தது.

81இல் அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு இளம் டாக்டர் எனக்கு எழுதினார். இவருக்கு நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, வந்தபோதும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன், உறவினரோ நகராட்சியோ பொறுப்பேற்றால் உடனே அனுப்புகிறேன் என்று. அந்தக் கடிதத்தின் நகல்தான் உங்கள் கோப்பில் மேலே இருக்கிறது, பார்த்தேன். அதற்கு நான் எழுதிய பதிலும் இருக்கும். 'நெருங்கிய உறவினர் எவரும் உயிருடன் இல்லை. ஊர் மக்கள் அவரது வருகையை விரும்பவில்லை.' அன்று எவாந்தியா என் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி உயிரோடுதான் இருந்தாள். அந்த அக்டோபரில் ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்கு நாடு முதல்முறையாக ஒரு குண்டும் வெடிக்காமல் கைமாறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பழையதைக் கிளற வேண்டாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் எழுதலாம் என்று இருந்தேன். அடுத்த வருடம் எங்களுக்கு உள்ளாட்சித் தேர்தல்.

84 குளிர்காலத்தில் அவள் நுரையீரல் கெட்டுச் செத்துப்போனாள், ஆலையில் பஞ்சுத் தூசி. அடக்கத்தில் நான்தான் பேசினேன். உழைப்பாளி, எதையும் கேட்டு யாரையும் தொந்தரவு செய்யாதவள் என்று சொன்னேன். எல்லோரும் அழுதார்கள்.

பிறகு வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அந்த விடுதியின் படங்கள் வந்தன. நிர்வாணமாகச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். நானும் பார்த்தேன், அதிர்ந்துபோனேன். அவ்வளவு மோசமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் போகவில்லை என்பதும் உண்மை. இந்த மார்ச்சில் ஆம்புலன்ஸில் வாயோஸைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஐம்பத்து மூன்று வயதில் எண்பது வயதுக் கிழவன். வாயில் ஒரு பல்கூட இல்லை. பேச்சு இல்லை. நகராட்சி முதியோர் இல்லத்தில் வெயில் வரும் அறையாகப் பார்த்துக் கொடுத்தேன்.

ஊர் அவனை எப்படிப் பார்த்துக்கொண்டது என்று நீங்கள் எழுத வேண்டும். அந்த ஐம்பத்தெட்டு வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். டாக்டர் மிலோனாஸ் தள்ளாத வயதில் தினமும் வந்து நாடி பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் அறையில் யாரும் இல்லாத நேரம் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பெயரைச் சொன்னேன். தேதியோடு சொன்னேன். இரண்டாவதை அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவதையும் நானே சொன்னேன். ஐம்பத்தெட்டு வரைக்கும் சொல்லி முடித்தேன். ஒன்றும் இல்லை. இப்போது அது என் ஒருவனிடம்தான் இருக்கிறது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

ஏப்ரல் எட்டாம் தேதி பொதுத் தேர்தல். இத்தனை வருடமும் வாக்காளர் பட்டியலில் வாயோஸின் பெயரை நீக்க நான் விடவில்லை. இரண்டு முறை மேலிடத்திலிருந்து கேட்டார்கள், இந்த நாட்டில் ஒரு குடிமகனின் வாக்குரிமை புனிதமானது என்று எழுதி அனுப்பினேன். அன்று காலை அவனுக்குக் கோட்டு போட்டு, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாவடிக்குத் தலைமை தாங்கிய இளம் வழக்கறிஞர் எழுந்து நின்றார். வரிசையில் இருந்தவர்கள் வழி விட்டார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லாக் கட்சிச் சீட்டுகளையும் ஓர் உறையையும் அவன் கையில் கொடுத்தார்கள், வேண்டிய கட்சியின் சீட்டை மட்டும் உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். உதவிக்கு நானும் திரைக்குப் பின்னால் போனேன்.

அவன் சீட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றான். உறையைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது, வெளியே ஜனங்கள் காத்திருந்தார்கள். அதனால் நானே ஒரு சீட்டை எடுத்து, மடித்து, உறைக்குள் வைத்து, எச்சில் தொட்டு ஒட்டினேன். அவன் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் போட வைத்தேன். வழக்கறிஞர் எங்கள் முறைப்படி உரக்க, "வாக்களித்தார்," என்று அறிவித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதற்காகத்தானே எல்லாம் என்று பட்டது.

எந்தக் கட்சிச் சீட்டு என்று கேட்கிறீர்கள். மன்னியுங்கள் அம்மா, மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒருவருடைய வாக்கு ரகசியமானது. அதை மட்டும் நான் காட்டிக்கொடுக்க மாட்டேன்.